கூரை வீட்டுக்காரருடையது, கரண்ட் பில் குடியிருப்பவருடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர், ஈரோடு, கரூர், கோவை வட்டாரத்தில் வாடகை வீடு என்றால் பெரும்பாலும் ஒரே அச்சுதான். ஒரு காம்பவுண்டுக்குள் நான்கு முதல் பத்து லைன் வீடுகள் இருக்கும். முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறை, மேலே தார்சு (கான்கிரீட் தளம்) அல்லது சிமெண்ட் ஷீட். பங்குனி பிறந்துவிட்டால் பகலில் இந்த வீடுகளுக்குள் உட்கார முடியாது. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்க வேண்டிய தறித் தொழிலாளிக்கும் நூல் மில் தொழிலாளிக்கும் இது வெறும் சௌகரியக் குறைவு அல்ல. உடம்பைத் தின்கிற பிரச்சினை.

வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கூரையைச் சரிசெய்தால் செலவு வீட்டுக்காரருடையது. அதனால் குறைகிற கரண்ட் பில் குடியிருப்பவருடையது. கூரையில் பணம் போடும் காரணம் இருவரில் ஒருவருக்கும் இல்லை. கடைசியில் குடியிருப்பவர் தவணையில் ஒரு ஏ.சி. வாங்கி மாட்டுகிறார். பழைய வயர் சூடேறுகிறது, பில் எகிறுகிறது, இரண்டு வருடத்தில் அவர் வீட்டைக் காலி செய்கிறார். சுடுகிற கூரை மட்டும் அடுத்து வருபவருக்காக அப்படியே காத்திருக்கிறது. ஏ.சி. பாயிண்ட் போட்டுக் கொடுத்து வாடகையை ஏற்றும் வீட்டுக்காரர்கள் அந்தப் பணத்தை முதலில் கூரையில் போட வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம். எதை, எந்த வரிசையில், எப்படிச் செய்வது, எங்கே தவறுகிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். "கூரைக்கு வெள்ளை அடியுங்கள்" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போனதால்தான் பல இடங்களில் பணம் வீணாகியிருக்கிறது.

முதலில், சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்ப்போம். நம் வட்டாரம் ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 19-ஐ ஒட்டி, அதாவது சித்திரை முதல் வாரத்தில், உச்சி வேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சற்றுச் சாய்ந்தே இருக்கும். ஆக, கடும் கோடையில் தெற்குச் சுவரில் வெயில் அவ்வளவாக விழுவதில்லை. அடி முழுவதும் கூரைக்கு. அடுத்தது மேற்குச் சுவருக்கு. ஒற்றை மாடி வீட்டிலும் மேல்தள வீட்டிலும் கூரைதான் முதல் எதிரி. நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்து, மாலை நான்கு, ஐந்து மணிக்குத்தான் அடிப்பக்கம் உச்சச் சூட்டை எட்டும். நள்ளிரவு வரை அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். "ஃபேன் போட்டால் அனல் காற்றுதான் வருகிறது" என்று குடியிருப்பவர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சந்தேகம் இருப்பவர்கள் ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். மாலை நான்கு மணிக்கு அறைக்குள் நின்று தளத்தின் அடிப்பக்கத்தையும் வடக்குச் சுவரையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கூரை வீட்டுக்குள் இறக்கும் சூடு. வேலை முடிந்தபின் அதே நேரத்தில் அதே இடத்தில் அளந்தால், செய்த செலவுக்குப் பலன் உண்டா என்பது கையில் தெரிந்துவிடும். பளபளப்பான தகரத்தையும் ஃபாயிலையும் இந்தக் கருவி தப்பாகக் காட்டும். அங்கே ஒரு துண்டுக் காகித டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும்.

தார்சுக் கூரையில் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். மொட்டை மாடியை நன்றாகக் கழுவி விடுங்கள். மறுநாளும் எங்காவது தண்ணீர் தேங்கி நின்றால் அங்கே வாட்டம் சரியில்லை. குறைந்தது 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது சரிவு வேண்டும். தேங்குகிற இடத்தில் பாலிமர் கலந்த கலவை போட்டுச் சரிவை ஏற்றாமல் மேலே எவ்வளவு விலையுயர்ந்த கோட்டிங் அடித்தாலும் அது ஊறிப் பொரிந்துவிடும். வெடிப்புகளைப் பிரஷ் வைத்து மெழுகிவிட்டுப் போகக் கூடாது. உளியால் ‘வி’ வடிவில் வெட்டித் திறந்து, தூசி ஊதி, நிரப்பிப் பூச வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில், கொத்தனார்கள் ‘வாட்டா’ என்று சொல்லும் சாய்வுப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுக்குக்குப் பாதிக் காரணம் அந்த மூலைதான். அறைக்குள் நின்று பார்க்கும்போது தளத்தின் அடியில் சிமெண்ட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அதை முதலில் சரிசெய்யுங்கள். தளர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துரு தடுப்பு பிரைமர் அடித்து, பாலிமர் கலவையால் மூட வேண்டும். பல இடங்களில் கம்பி தெரிந்தாலோ தளம் தொய்ந்திருந்தாலோ பொறியாளரைக் கூட்டி வந்து காட்டாமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

இதெல்லாம் முடிந்தபின் வெள்ளைக் கோட்டிங். புதிதாக அடித்த நல்ல வெள்ளைக் கோட்டிங் வெயிலில் முக்கால் பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பும். பாசி படிந்து கறுத்த பழைய தளம் கால் பங்கைத் திருப்பினாலே அதிகம். கூரைக்கென்றே செய்யப்பட்ட, நெகிழும் தன்மையுள்ள அக்ரிலிக் கோட்டிங்தான் வேண்டும். சுவருக்கு அடிக்கும் எக்ஸ்டீரியர் எமல்ஷனைக் கூரையில் அடிப்பது வீண். தண்ணீர் நின்றால் உரிந்துவிடும். அளவு என்று பார்த்தால், இரண்டு கோட்டுக்குச் சேர்த்து லிட்டருக்கு 25 முதல் 30 சதுர அடி கணக்கு வையுங்கள். தலா 200 சதுர அடியில் ஐந்து லைன் வீடுகள் என்றால் 1,000 சதுர அடி. 20 லிட்டர் வாளி இரண்டு தேவைப்படும், பிரைமர் தனி. "ஒரே வாளியில் முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், தண்ணீர் கலந்து நீட்டப் போகிறார் என்று அர்த்தம்.

பாசி இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றித் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் முழுதாகக் காய விடுங்கள். ஈரத் தளத்தில் அடித்தால் வெயில் ஏறியதும் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கொப்புளம் கட்டும். பிரைமர் காய்ந்ததும் முதல் கோட் ஒரு திசையில், நான்கைந்து மணி நேரம் கழித்து இரண்டாவது கோட் குறுக்குத் திசையில். உச்சி வெயிலில் அடிக்கக் கூடாது. பிரஷ் போன வேகத்திலேயே காய்ந்து, ஏடு பிடிக்காமல் மாவாக உதிரும். காலை ஒன்பதுக்குள் அல்லது மாலையில் அடியுங்கள். இன்னொன்றும் நம் ஊருக்கே உரியது. வைகாசி பிற்பாதியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று, பல்லடம், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் மண்ணை வாரிக்கொண்டு வரும். ஈரமான கோட்டிங்கில் அது ஒட்டினால் முதல் நாளே கூரை பழுப்பாகிவிடும். ஆகையால் தை கடைசியிலிருந்து பங்குனி பாதிக்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். பொங்கலுக்குத் திருப்பூர்த் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும் அந்த ஒரு வாரம் கழுவவும் வெடிப்பு பார்க்கவும் மிக வசதியானது.

செலவு தாங்காது என்பவர்களுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. நீற்றாத கல் சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில், இரும்பு டிரம்மில் நீற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, சாக்குத் துணியில் வடிகட்டிப் பசை சேர்த்து மூன்று கோட் அடிக்கலாம். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். மெல்லிய பிளாஸ்டிக் வாளி உருகும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். குழந்தைகள் ஓடியாடும் காம்பவுண்டுக்குள் நீற்றவே கூடாது. வெயிலைத் திருப்பி அனுப்புவதில் புதுச் சுண்ணாம்பும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒழுக்கைத் தடுக்காது, ஒரு மழைக்காலத்தில் கரைந்துபோகும். வருடா வருடம் அடிப்பேன் என்ற உறுதி உள்ளவருக்கு அதுவே போதும். அக்ரிலிக் கோட்டிங்கும் சும்மா இருந்தால் நான்கைந்து வருடம்தான். அதுவும் வருடத்துக்கு ஒருமுறை, கோடைக்கு முன், தூசியும் பஞ்சும் போகக் கழுவினால்தான் வெள்ளை வேலை செய்யும். கோட்டிங் அடித்த முதல் மழை நீரை மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றிவிடுங்கள்.

வெள்ளை அடிப்பதைவிட உறுதியான வழி, தளத்தின் மேல் வெப்பத் தடுப்புப் பலகை பதிப்பது. தளத்தின்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, அதன்மேல் 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். பலகை (தண்ணீர் குடிக்காத கெட்டியான ஃபோம் பலகை), அதன்மேல் பாலிதீன் விரிப்பு, கோழி வலை வைத்து இரண்டு அங்குலக் கலவை, கடைசியாக வெள்ளை ஓடு. சாதாரணத் தெர்மோகோல் பலகையை விலை குறைவு என்று போடாதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டால் அது தடுப்பாகவே இருக்காது. கலவையில் 10 அடிக்கு ஒரு விரிவு இடைவெளி விடாவிட்டால் முதல் கோடையிலேயே வெடிக்கும். வெள்ளை ஓடு பதித்தவர்கள் ஏமாறுவதும் பெரும்பாலும் ஓட்டால் அல்ல, ஓட்டுக்கிடை இணைப்பால்தான். வெறும் வெள்ளை சிமெண்ட் தடவி விட்டால் இரண்டே வருடத்தில் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் எடை. இரண்டு அங்குலக் கலவை மட்டுமே சதுர அடிக்கு ஏறக்குறைய 10 கிலோ. நாலு அங்குலப் பழைய தளத்தின்மேல் இதை ஏற்றலாமா என்பதை மேஸ்திரியின் வாக்கை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. சந்தேகமிருந்தால் வெள்ளைக் கோட்டிங்கோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மொட்டை மாடியில் தகர ஷெட் போடுவது நம் பக்கம் பெருகிவருகிறது. நாலு பக்கமும் திறந்து, எட்டடி உயரத்தில் நின்றால் அது தளத்துக்கு நல்ல நிழல். வெப்பத்தைக் குறைக்க அருமையான வழியும்கூட. அதே ஷெட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஓர் அறையாக்கி வாடகைக்கு விட்டால் அது அடுப்பு. அதில் மனிதரைக் குடிவைக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பது கணவாய்க் காற்றைப் பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு வெறும் பழமொழி அல்ல. ஷெட்டின் கால்களை ஆணியடித்த மரக்கட்டையிலோ, சும்மா வைத்த கல்லிலோ நிறுத்தாமல், தளத்தின் பீம் மேல் அடித்தகடு வைத்து ஆங்கர் போல்ட் போட்டு முறுக்குங்கள்.

சிமெண்ட் ஷீட் வீடுகளில் எச்சரிக்கை பல மடங்கு வேண்டும். அந்தப் பழைய ஷீட்டுகளில் கல்நார் இருக்கிறது. அதன் நுண்ணிழை நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஆகவே உலர்ந்த ஷீட்டைக் கம்பிப் பிரஷால் தேய்க்கக் கூடாது, கிரைண்டரால் வெட்டக் கூடாது, உடைந்த துண்டை மிதித்து நொறுக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, மெல்லிய நைலான் பிரஷால் பாசியை எடுத்து, காய்ந்தபின் வெள்ளைக் கோட்டிங் அடித்தால் சூடும் குறையும், இழை உதிர்வதும் அடங்கும். அடிப்பவர் முகக்கவசம் போட வேண்டும். ஷீட்டின்மேல் நேரடியாகக் காலை வைக்கவே கூடாது. பழைய ஷீட் சொல்லாமல் உடையும், ஆள் நேராகக் கீழே விழுவார். குறுக்குச் சட்டங்கள் இரண்டின் மேல் படும்படி நீளப் பலகை போட்டு, அதில் உட்கார்ந்துதான் அடிக்க வேண்டும். தார் வாஷர் காய்ந்துபோன ஜே போல்ட்டுகளையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

ஷீட்டுக்குக் கீழே இன்னொரு தடுப்பும் போடலாம். இரு பக்கமும் பளபளக்கும் ஃபாயில் பபுள் ஷீட்டைக் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே கட்டி, மேலே குறைந்தது ஓரிரண்டு அங்குலக் காற்று இடைவெளி விடுங்கள். ஷீட்டோடு ஒட்டிக் கட்டினால் பலன் இல்லை, சூடு நேரே கடந்துவிடும். ஃபாயிலின் மேல்பக்கத்தில் நாளடைவில் தூசி படியும். அப்போது வேலை செய்வது பளபளப்பான கீழ்ப்பக்கம்தான். அழகுக்காக அதற்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லாதீர்கள். ஃபால்ஸ் சீலிங் போடுபவர்கள் இரு முனைச் சுவரிலும் காற்றுத் துளை விட்டால்தான் மேலே அடைபட்ட சூடு வெளியேறும். தெர்மோகோல் சீலிங் வேண்டவே வேண்டாம். சமையல் நடக்கும் லைன் வீட்டில் தீப்பிடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது. ஷீட்டின்மேல் தென்னங்கீற்று வேய்வதும் குளிர்ச்சிதான். ஆனால் வீட்டுக்கு வீடு ஒட்டிய காம்பவுண்டில் அதே தீ அபாயத்துக்காக அதையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். சீமை ஓட்டின் இடுக்கு வழியாகச் சூடு தானாக வெளியேறும். ஒழுகுகிறது என்று ஓட்டைப் பிரித்துக் கலர் ஷீட் மாட்டுவது, இருந்த வசதியைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வது. உளுத்த ரீப்பரையும் (ஓட்டைத் தாங்கும் மரச் சட்டம்) உடைந்த ஓட்டையும் மாற்றினால் போதும். வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு வைக்க விரும்பினால் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள்.

இனி காற்று. நம் ஊர்க் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. மதியத்துக்கு மேல் வெயிலும் அதே மேற்கிலிருந்துதான் வருகிறது. வெயிலுக்குப் பயந்து மேற்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடும் வீட்டுக்காரர்கள் காற்றையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். ஜன்னலை விட்டுவிட்டு வெயிலை மட்டும் மறியுங்கள். தாழ்ந்து வரும் மாலை வெயிலுக்கு மேலே நீட்டிய சன் ஷேடு போதாது. சுவரிலிருந்து ஓரடி தள்ளி மூங்கில் தட்டியோ பச்சை நிழல் வலையோ செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். திரை உள்ளே இருந்தால் சூடு கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. தடுப்பு எப்போதும் வெளியே இருக்க வேண்டும்.

கொங்குப் பகுதியில் இரவுக் காற்று கோடையிலும் ஓரளவு இறங்கும். அந்தக் காற்று உள்ளே வந்தால்தான் சுவரும் தளமும் ஆறும். ஆனால் லைன் வீட்டில் யாரும் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவதில்லை. கொசு ஒரு காரணம், திருட்டுப் பயம் இன்னொரு காரணம். ஆகவே கொசு வலையும் கம்பிக் கிராதியும் மின்சாரச் சிக்கனத்துக்கான பொருள்கள்தான். ஒட்டும் பட்டையில் நிற்கும் வலை ஆறு மாதத்தில் கிழியும். அலுமினியச் சட்டத்தில் கீல் வைத்துப் பொருத்திய வலை பல வருடம் வரும், கழற்றிக் கழுவவும் முடியும். பனியன் கம்பெனி, தறிக்கூடம் அருகே உள்ள வீடுகளில் பஞ்சு படிந்து வலை அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழுவச் சொல்லுங்கள். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் பின்பக்க ஜன்னலுக்கே வழியில்லை. அங்கே கூரையோரம் உயரத்தில் ஒரு வெண்டிலேட்டரும், கதவின் அடியில் அல்லது முன்சுவரின் கீழே ஒரு துளையும் வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைத் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே மாட்டினால், ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளும். அறைச் சூடு அப்படியே நிற்கும். ஃபேன் ஒரு மூலையில் மேலே, காற்று நுழையும் வழி எதிர் மூலையில் கீழே இருப்பதே முறை.

கூரையும் காற்றும் சரியான பிறகு ஃபேனுக்கு வாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சுமார். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். இரண்டு ஃபேன் என்றால் 80 யூனிட். ராத்திரி ஷிப்டும் பகல் ஷிப்டும் மாறி மாறித் தூங்கும் வீட்டில் இன்னும் கூடும். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் இரையும், சர்க்கியூட் கெடும். வாடகை வீட்டில் ரிமோட் ஆள் மாறும்போது தொலைந்துபோகும். சுவர் சுவிட்சிலேயே வேகம் மாற்றும் வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது.

வயரிங்கைச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. விளக்குக்கு 1.5, பவர் பாயிண்டுக்கு 2.5, ஏ.சி. இருந்தே ஆக வேண்டுமென்றால் தனி எம்.சி.பி.யோடு (சுமை மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். ஒவ்வொரு வீட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) போடுங்கள். போட்ட மறுநாளே "சும்மா சும்மா டிரிப் ஆகிறது" என்று எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதைப் பல காம்பவுண்டுகளில் காணலாம். பெரும்பாலும் காரணம் பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொது நியூட்ரல். நியூட்ரலைப் பிரித்துக் கொடுத்தால் டிரிப் நிற்கும். கழற்றி வைப்பது தீர்வு அல்ல.

இதோடு சேர்ந்தது சப் மீட்டர் விவகாரம். ஒரே இணைப்பில் ஐந்து வீட்டை ஓட்டி, வீட்டுக்கு 150 யூனிட் என்று வைத்தால் மொத்தம் 750 யூனிட். யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் கட்டணத்தில் அது மேல் படிக்கட்டு விலைக்குப் போய்விடும். அதே ஐந்து வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொன்றும் கீழ்ப் படிக்கட்டிலேயே நிற்கும். அரசு தரும் இலவச யூனிட்டும் குடியிருப்பவருக்குப் போய்ச் சேரும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தானாக ஒரு விலை வைத்து வசூலிப்பது முறையல்ல. அது மட்டுமல்ல, தனி மீட்டர் இல்லாத வீட்டில் ஃபேன் மாற்றினாலும் கூரை அடித்தாலும் எவ்வளவு மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்காரரின் சொந்தப் பையில் மிச்சம் பிடிக்கும் இடம் மோட்டார். பல காம்பவுண்டுகளில் உப்புத் தண்ணீர்ப் போரில் இன்னும் கம்ப்ரசர்தான் ஓடுகிறது. காற்றை அழுத்தித் தண்ணீரைத் தள்ளுவது, ஒரே அளவு தண்ணீருக்கு நீர்மூழ்கி மோட்டாரைவிடப் பல மடங்கு மின்சாரம் தின்னும் முறை. போரில் ஊற்று நிலையாக இருந்தால் நீர்மூழ்கிக்கு மாறுங்கள். ஊற்று விட்டு விட்டு வந்தால் தண்ணீர் வற்றும்போது தானாக நிற்கும் டிரை ரன் தடுப்பானோடு மாறலாம். மாற்றுவதற்கு முன், 1,000 லிட்டர் தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம், மீட்டரில் எவ்வளவு ஓடுகிறது என்று எழுதி வையுங்கள். மாற்றியபின் அதே கணக்கை எடுத்தால் உண்மை தெரியும். நான்கைந்து தடவை காயில் கட்டிய மோட்டாரை மறுபடி கட்டுவதைவிட, நட்சத்திர முத்திரை உள்ள புது மோட்டார் வாங்குவது லாபம். தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் ஆட்டோமேட்டிக் கட்டாயம் வேண்டும். பொடக்காலி (வீட்டின் பின்புறம்) வழியாகத் தண்ணீர் வழிந்து போவதை எத்தனை காம்பவுண்டுகளில் பார்க்கிறோம்! பொது இணைப்புக்கு இலவச யூனிட்டும் கிடையாது. வழிவது முழுக்க வீட்டுக்காரரின் காசு.

சோலார் பற்றியும் கேட்கிறார்கள். 2024-ல் வந்த மத்திய அரசின் கூரை சோலார் மானியத் திட்டமான பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீட்டு இணைப்புக்கு முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். நல்ல வெயிலில் நாளைக்கு நான்கு யூனிட் வரும். நல்லதுதான், பேனலே தளத்துக்கு நிழலும் தரும். ஆனால் ஒழுக்கும் வெடிப்பும் பார்த்து முடித்த கூரையில் மட்டும் போடுங்கள். பேனல் ஏறியபின் அதன் அடியில் கொத்தனார் வேலை பார்ப்பது பெரும்பாடு.

கடைசியாக, முதலில் சொன்ன முடிச்சுக்கு வருகிறோம். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, வயரிங் ஆகியவற்றை வீட்டுக்காரர் பொறுப்பிலும், சுவிட்ச், சாக்கெட், கொசு வலை மாற்றுவது போன்றவற்றைக் குடியிருப்பவர் பொறுப்பிலும் வைத்திருக்கிறது. வெடிப்பு அடைப்பதும் ஒழுக்கு நிறுத்துவதும் பழுது. அதற்காக வாடகை ஏற்றக் கூடாது. வெப்பத் தடுப்புப் பலகை, புது ஃபேன், வெளித்தட்டி ஆகியவை மேம்பாடு. அதற்கு வேலை தொடங்கும் முன்பே இருவரும் பேசி, எவ்வளவு ஏற்றம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். ஏற்றம், குடியிருப்பவருக்குக் குறையும் கரண்ட் செலவில் பாதியைத் தாண்டாமல் இருந்தால் இரு தரப்புக்கும் நியாயம் என்பது எங்கள் அபிப்பிராயம். அதைக் கணக்கிட, வேலைக்கு முந்தைய ஆண்டின் பங்குனி, சித்திரை பில்லை அடுத்த ஆண்டின் அதே மாத பில்லோடு ஒப்பிடுங்கள். கார்த்திகை பில்லோடு ஒப்பிட்டால் யாருக்கும் உண்மை தெரியாது. வருமான வரியில் வாடகை வருமானத்துக்கு 30 சதவீதம் கழிவு, செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும் கிடைக்கிறது. பராமரிப்புக்கென்று கிடைக்கும் அந்தக் கழிவில் ஒரு பங்கையாவது வருடா வருடம் கூரைக்கு ஒதுக்குங்கள்.

உதகை, குன்னூர், கோத்தகிரி வீட்டுக்காரர்கள் வெள்ளைக் கூரை பற்றிய பகுதியை விட்டுவிடலாம். அங்கே வேண்டியது சூட்டைத் தக்கவைப்பது. சமவெளியில் இருப்பவர்கள், இந்த வருடம் ஒரே ஒரு வேலைக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால், காம்பவுண்டில் மேற்கு ஓரத்துக் கடைசி வீட்டின் கூரையில் தொடங்குங்கள். மேலேயும் பக்கவாட்டிலும் வெயில் வாங்குவது அந்த வீடுதான். ராத்திரி ஷிப்ட் போகிறவர் அதில் குடியிருந்தால் மாசி முடிவதற்குள் முடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்பிலும் மின்பணியிலும் உள்ளோர் சிலர்,
திருப்பூர்.